ஃபில்டரை முகர்ந்து பார்த்தவர்

கடந்த ஆண்டு ஆடியில் தொடங்கி ஐப்பசி பிறக்கும்வரை எங்கள் வீட்டுக் காப்பி சரியில்லாமல் இருந்தது. கசப்பு என்று சொல்ல முடியாது. கசப்பு காப்பிக்கு உரியதுதான். இது வேறு. முதல் வாய் விழுங்கியதும் தொண்டையில் ஒரு காறல் நின்றது. மறந்துபோன முறுக்குச் சம்படத்தைத் திறந்தால் ஒரு வாடை வருமே, அதன் சாயல். பாலை மாற்றிப் பார்த்தேன். எண்பதுக்கு இருபது என்று வாங்கிக்கொண்டிருந்த பொடியைச் சிக்கரியே இல்லாமல் அரைத்துத் தரச் சொன்னேன். காறல் குறையவில்லை. கொஞ்சம் கூடியது போலவும் இருந்தது.

கடைசியில் பொடிக் கடைக்கே போய், கொட்டை பழையதாக இருக்கிறது என்று சொன்னேன். இத்தனை ஆண்டுகளாக அரைத்துத் தரும் மனிதரிடம் அதைச் சொல்வது எளிதாக இல்லை. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நாளைக்கு வரும்போது ஃபில்டரையும் எடுத்து வாருங்கள் அம்மா. எப்போதும் கழுவுகிற மாதிரியே கழுவி எடுத்து வாருங்கள்" என்றார்.

மறுநாள் எடுத்துப் போனேன். முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும் எவர்சில்வர் ஃபில்டர். அவர் அந்தப் பளபளப்பைப் பார்க்கவேயில்லை. மேல் பாத்திரத்தை இரண்டு கைகளாலும் பிடித்து, குழந்தையின் உச்சியை முகர்வது போல மூக்கருகே கொண்டுபோனார். பிறகு என்னிடம் நீட்டினார். முகர்ந்தேன். மூன்று மாதமாக என் தொண்டையில் நின்றது அந்த வெறும் பாத்திரத்துக்குள் இருந்தது.

"தினமும் கழுவுகிறேனே" என்றேன்.

"அலசுகிறீர்கள்" என்றார்.

காப்பியைப் பற்றிப் பேசுவதற்கு நம் ஊரில் குறைவில்லை. பீபெரியா பிளான்டேஷனா, சிக்கரி சேர்க்கலாமா கூடாதா, டம்ளரில் முதலில் பாலா டிகாஷனா என்று ஒரு கல்யாணப் பந்தி முடியும்வரை பேசுவார்கள். ஃபில்டரை எப்படிக் கழுவுகிறீர்கள் என்று ஒருவரை ஒருவர் விசாரித்து நான் கேட்டதில்லை. நல்ல கொட்டை வறுக்கும் இடத்திலும் அரைக்கும் இடத்திலும் மட்டும் கெடுவதில்லை. நம் வீட்டுப் பாத்திரத் தொட்டியிலும் கெடுகிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் ஃபில்டருக்குச் சோப்புப் போடும் வழக்கம் இல்லை. சோப்பு வாசனை டிகாஷனில் ஏறிவிடும் என்று அம்மா சொல்வார். அது பொய்யும் இல்லை. எலுமிச்சை மணம் சேர்த்த பாத்திரத் திரவத்தைத் தாராளமாக ஊற்றித் தேய்த்து, அவசரமாக அலசிக் கவிழ்த்தால், துளைகளுக்குள் தங்கிய நுரை மறுநாள் கொதிநீர் பட்டதும் இறங்கும். அந்த டம்ளரை யாராலும் முடிக்க முடியாது. ஆகவே காலையில் சக்கையைத் தட்டிவிட்டு, குழாயடியில் காட்டி, துணியால் துடைத்து வைத்துவிடுவேன். பார்வைக்கு அது சுத்தம்.

ஆனால் காப்பிக்கொட்டையில் எண்ணெய் இருக்கிறது. அராபிகாவில் எடையில் ஏறத்தாழ 15 சதவீதம், ரோபஸ்டாவில் சுமார் 10 சதவீதம். நன்றாகக் கருக்க வறுத்த கொட்டையின் மேல் வியர்வை அரும்பியது போல மினுங்குவது அதுதான். கொதிநீர் பொடிக்குள் இறங்கும்போது அந்த எண்ணெயில் ஒரு பங்கையும் கூட்டிக்கொண்டு போகிறது. காகித வடிகட்டி என்றால் அதில் பெரும்பகுதி காகிதத்திலேயே நின்றுவிடும். உலோகத் துளை அதைத் தடுப்பதில்லை. நம் டிகாஷன் நாவில் கனமாக, வழவழப்பாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். எண்ணெய் நமக்கு வேண்டிய பொருள். போகிற வழியில் உலோகத்தின் மேல் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டு, காற்றுப் பட்டுப் பழையதாகும்போதுதான் கெடுகிறது. தேங்காயெண்ணெயில் சிக்கு வாடை ஏறுவதும் இப்படித்தான். இன்றைய படலத்தின் மேல் நாளைய படலம். கண்ணுக்குத் தெரியாது, உலோகம் பளபளத்துக்கொண்டே இருக்கும். மறுநாள் கொதிநீர் ஊற்றியதும் அந்தப் பழைய பிசுக்கு இளகிப் புது டிகாஷனில் சேரும். சிக்கரியை நிறுத்தியபோது காறல் ஏன் கூடியது என்பதும் பிறகு புரிந்தது. சிக்கரி வேர், அதில் காப்பிக்கொட்டையைப் போல எண்ணெய் கிடையாது. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நான் இன்னும் கொஞ்சம் எண்ணெயைப் போட்டிருக்கிறேன்.

அப்பளம் பொரித்த வாணலியை வெறும் தண்ணீரில் அலசி அடுக்கும் வீடு எதுவும் இல்லை. ஃபில்டரை மட்டும் பல வீடுகளில் அப்படித்தான் அடுக்குகிறோம்.

அன்று கடையிலிருந்து திரும்பியதும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடாவைப் போட்டு, ஃபில்டரின் நான்கு பகுதிகளையும் அதில் மூழ்கவைத்தேன். மூடி, மேல் பாத்திரம், கீழ் பாத்திரம், பொடியை அமுக்கும் தண்டு வைத்த வட்டத் தட்டு. அந்தத் தட்டுக்கு எங்கள் வீட்டில் குடை என்று பெயர். ஐந்து நிமிடத்தில் தண்ணீர் மங்கியது. அரை மணி நேரத்தில் நாலாம் டிகாஷன் நிறத்துக்கு வந்துவிட்டது. அந்தப் பளபளப்புக்குள் அவ்வளவு நிறம் எங்கே ஒளிந்திருந்தது என்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். குடையின் தண்டு தட்டோடு சேரும் இடத்தில் கறுப்பாக ஒரு வளையம் கழன்று வந்தது. அது உலோகத்தின் நிறம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். தண்ணீரை மாற்றி இன்னொரு முறை ஊறவைத்து, வாசனையில்லாத சோப்பில் ஒரு சொட்டு விட்டு, மென்மையான பிரஷால் தேய்த்து, கடைசியில் கொதிநீரில் இரண்டு முறை முக்கி எடுத்தேன். முகர்ந்தேன். ஒன்றுமில்லை. கழுவி வைத்த டம்ளரில் என்ன வாசனை வருமோ அவ்வளவுதான்.

மறுநாள் காப்பியில் காறல் இல்லை. பழைய எண்பது இருபது கலவைக்கே திரும்பிவிட்டேன்.

இதைச் செய்துகொண்டிருக்கும்போதே அமுச்சியின் நினைவு வந்துவிட்டது. கோவைப் பக்கத்தில் அம்மாவின் அம்மாவை அமுச்சி என்போம். வடவள்ளியில் இருந்தார். அவருடைய ஃபில்டர் பித்தளை. ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கு இறக்கலாம். காலைக் காப்பி முடிந்த கையோடு, உலையிலிருந்து ஒரு செம்பு வெந்நீர் மொண்டு ஃபில்டருக்குள் ஊற்றிவிட்டுத்தான் வேறு வேலை பார்ப்பார். சக்கை செம்பருத்திக்குப் போகும். பிறகு சீயக்காய்த் தூள் தொட்ட தேங்காய் நார். வெள்ளிக்கிழமை என்றால் முதலில் விறகடுப்புச் சாம்பல், அலசிவிட்டு அதன்பின் புளி. "ஃபில்டருக்குத் தனி நார் வைக்க வேண்டும் கண்ணு. குழம்புச் சட்டி தேய்த்த நாரை அதன் பக்கம் கொண்டுபோகாதே" என்பார். அந்த நார் சமையலறை ஜன்னல் கம்பியில், வேறு எதுவும் தொடாதபடி தனியாகத் தொங்கும்.

சிறுவயதில் அதையெல்லாம் பழைய வழக்கம் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும்போது, அவர் செய்த வரிசைக்குள் ஒரு முழு அறிவு இருந்தது தெரிகிறது. ஃபில்டரில் சேர்வது ஒரே அழுக்கு அல்ல. சிக்கரியும் கொட்டையின் சாரமும் விட்டுப்போகும் பாகு ஒன்று. சிக்கரி வேரில் இன்யூலின் என்ற மாவுப்பொருள் நிறைய உண்டு. வறுக்கும்போது அது கருகி இனிப்பும் கசப்புமான பாகாகிறது. காப்பியைவிட அதிகமாகத் தண்ணீரில் கரையும். கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று நம் உணவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது. மலிவான பொட்டலங்களில் சிக்கரி அந்த எல்லை வரைக்கும் போகும். பொட்டலத்தின் பின்புறம் பார்த்தால் எண் இருக்கும். அத்தனை சிக்கரி போட்ட ஃபில்டரை மாலை வரை அப்படியே விட்டால், துளைகளில் கருப்பட்டிப் பாகு காய்ந்தது போல இறுகிவிடும். காலையிலேயே என்றால் வெந்நீர் ஒன்றே போதும். அமுச்சியின் அந்த ஒரு செம்பு அதற்குத்தான்.

இரண்டாவது, எண்ணெய். அதற்குச் சீயக்காயின் நுரை; அதற்கும் மசியாததற்குச் சாம்பல். விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது, அது காரம். எண்ணெயை இளக்கிப் பிரித்துக்கொண்டு போவது காரத்தின் வேலை. என்னுடைய சமையல் சோடா செய்ததும் அதையே, கொஞ்சம் மென்மையாக. மூன்றாவது, தண்ணீர் விட்டுப்போகும் சுண்ணாம்பும் பித்தளையில் ஏறும் களிம்பும். அதற்கு அமிலம் வேண்டும். புளியில் டார்டாரிக் அமிலம் இருக்கிறது. உயிரோடு ஒட்டியிருக்கும் ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்தத்தில் செம்பில் ஏறிய களிம்பைத்தான் உவமை சொல்வார்கள். என்றோ ஒரு நாள் பாத்திரம் தேய்த்துக் கை ஓய்ந்த ஒருவருக்குத்தான் அந்த உவமை முதலில் தோன்றியிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

எது எதற்கு என்று தெரியாமல் மாற்றிப் போட்டால் உழைப்புதான் வீண். எண்ணெய்ப் படலத்தின் மேல் எலுமிச்சம்பழத்தைத் தேய்த்தாலும், சுண்ணாம்பின் மேல் சோப்பைத் தேய்த்தாலும் ஒன்றும் நடக்காது. சோடாவையும் வினிகரையும் சேர்த்து ஊற்றச் சொல்லும் காணொளிகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பொங்கி நுரைப்பது பார்க்க நன்றாக இருக்கும். காரமும் அமிலமும் ஒன்றையொன்று அணைத்துவிட்டுக் கரியமில வாயுவாகப் போவதைத்தான் நாம் பார்க்கிறோம். பொங்கி அடங்கியபின் பாத்திரத்தில் மிஞ்சுவது பெரும்பாலும் உப்புக் கரைசல். இரண்டையும் தனித்தனியாக, நடுவில் நன்றாக அலசி, வெவ்வேறு வேளையில் பயன்படுத்துங்கள்.

ஒரு எச்சரிக்கை. சோடா, எவர்சில்வருக்கும் கண்ணாடிக்கும் சரி. அலுமினியத்துக்கு ஆகாது, காரம் அலுமினியத்தை அரித்துக் கறுக்க வைக்கும். என் தம்பி ஆசையாக வாங்கிய இத்தாலிய மோக்கா பானையை நான்தான் சோடாவில் ஊறவைத்துக் கறுப்பாக்கித் திருப்பிக் கொடுத்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் இன்னும் உறுத்துகிறது.

துளைகளுக்கு வருகிறேன். ஃபில்டரின் உயிர் அங்கேதான் இருக்கிறது. மேல் பாத்திரத்தை வெயில் வரும் ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். எல்லாப் புள்ளிகளும் ஒரே மாதிரி ஒளிர வேண்டும். ஓரத்தில் இருப்பவை இருண்டு, நடுவில் மட்டும் வெளிச்சம் வந்தால், தண்ணீர் எல்லாம் நடுவழியாகவே ஓடுகிறது. ஓரத்துப் பொடி சரியாக ஊறாமல் வீணாகிறது. இரண்டு கரண்டி பொடி கூடப் போட்டும் டிகாஷன் வெளுப்பாகவே இறங்குகிறது என்று சொல்லும் பல வீடுகளில் நான் முதலில் இதைத்தான் பார்ப்பேன். ஊக்கால் குத்தாதீர்கள். துளை ஒரு பக்கம் அகன்று, மறுபக்கம் பிசிறு எழும். அகன்ற துளையில் பொடி இறங்கும். பிசிறில் மறுபடியும் அழுக்கு பிடிக்கும். கம்பி நாரும் வேண்டாம். அதன் துணுக்குகள் துளையில் சிக்கித் துருப்பிடித்து, எவர்சில்வரே துருப்பிடித்தது போலக் காட்டும். பழைய பல் பிரஷ், சோடா வெந்நீர், பொறுமை. அடிப்பக்கத்திலிருந்து உள்நோக்கித் தேய்க்க வேண்டும், பொடி வந்த வழியே திரும்பிப் போகும்படி.

டிகாஷன் இறங்காததெல்லாம் அடைப்பால் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சில புது ஃபில்டர்களில் மேல் பாத்திரமும் கீழ் பாத்திரமும் காற்றுப் புகாமல் பொருந்திக்கொள்ளும். கீழே இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல், இறங்க வரும் டிகாஷனைத் தாங்கி நிறுத்திவிடும். கரண்டியால் தலையில் தட்டுகிறோமே, அப்போது இறங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தப் பொருத்தம் கொஞ்சம் அசைந்து காற்றுக்கு வழி கிடைப்பதுதான். மேல் பாத்திரத்தை ஒரு நூல் உயர்த்தி வைத்தால் தட்டாமலே இறங்கும். பொடி மிக நைசாக இருந்தாலும், குடையை வலுவாக அமுக்கினாலும் இறங்காது. அடியில் நாலு சர்க்கரைப் பரல் தூவினால் நன்றாக இறங்கும் என்பார்கள். எங்கள் வீட்டிலும் தூவியிருக்கிறோம். துளைகள் திறந்திருந்தால் அது தேவைப்படுவதில்லை.

அடைப்பு இறுகிவிட்டால் அமுச்சி தீக் காட்டுவார். இரவு சமையல் முடிந்து அடங்கிய தணலின் மேல் மேல் பாத்திரத்தை இடுக்கியால் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டுவார். துளைகளில் இருந்த பொடி சிவந்து, நட்சத்திரம் போல ஒவ்வொன்றாக மினுங்கி அணையும். காப்பி கருகும் வாசனை முற்றம் வரை வரும். ஆறியபின் தரையில் ஒரு தட்டு, சாம்பல் உதிரும். எவர்சில்வர் ஃபில்டருக்கு இன்றும் இதை கேஸ் அடுப்பில் செய்யலாம். சிறு தீயில், ஓரிரு நிமிடம். உலோகத்தில் பொன்னிறமும் நீலமும் படரும்; அது மேலே உண்டாகும் மெல்லிய படலத்தின் நிறம், பயப்பட ஒன்றுமில்லை. ஆண்டுக்கு ஒருமுறை போதும்.

எவர்சில்வர் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆறு ஆண்டுகளுக்கு முன் கும்பகோணத்தில் ஒரு பித்தளை ஃபில்டர் வாங்கினேன். உள்ளே ஈயம் பூசியது. அதன் துளை அடைத்தபோது, அமுச்சி செய்ததை நினைத்துக்கொண்டு நானும் தீக் காட்டினேன். பொடி சிவப்பதற்கு முன்பே உட்புறம் பாதரசம் போல அசைந்தது. தீயிலிருந்து எடுப்பதற்குள் பூச்சு உருகி, மணி மணியாகத் திரண்டு, பாதித் துளைகளை அடைத்துக்கொண்டு உறைந்துவிட்டது. ரசம் வைக்கும் ஈயச் சொம்பை வெறுமனே அடுப்பில் வைக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லித்தான் வளர்த்தார்கள். அதே ஈயம்தான் இங்கே பூசியிருக்கிறது என்பது அந்த நொடியில் தோன்றவில்லை. இந்த ஈயம் உருக 232 டிகிரி செல்சியஸ் போதும். அடுப்புத் தீ அதைவிடப் பல மடங்கு சூடு. அமுச்சியின் ஃபில்டரில் பூச்சு எப்போதோ தேய்ந்து போயிருக்க வேண்டும்.

அதை எடுத்துக்கொண்டு மறுபடி கும்பகோணம் போனேன். ஈயம் பூசும் பெரியவர் பார்த்ததுமே, "தீயில் காட்டினீர்களா அம்மா?" என்றார். பழைய பூச்சை முழுக்கத் தேய்த்தெடுத்து, கரி உலையில் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவினார். வெள்ளைப் புகை எழுந்தது. அந்தப் புகையோடு உலோகத்தின் மேலிருந்த மாசு போகும். போனால்தான் ஈயம் பிடிக்கும் என்றார். ஈயக் கம்பியின் நுனியை ஒருமுறை தொட்டுவிட்டு, பஞ்சுச் சுருளால் உட்புறம் முழுக்க ஒரே வீச்சில் இழுத்தார். மஞ்சள் பித்தளை கண்முன்னே வெள்ளியானது. சூடு ஆறுவதற்குள் கீழிருந்து துளைகளை ஊதித் திறந்தார். அந்தக் கை வேகத்தை என்னால் மறக்க முடியாது. பூசத் தருபவர்கள் ஒன்றை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: பூசுவது சுத்தமான வெள்ளீயமா என்று. ஈயம் என்ற ஒரே சொல்லால் வெள்ளீயத்தையும் காரீயத்தையும் சொல்லிவிடுகிறோம். காரீயம் நஞ்சு. கலப்பில்லாத வெள்ளீயம்தான் சமையல் பாத்திரத்துக்கு உரியது. பூசிய ஃபில்டரில் சாம்பலும் புளியும் வெளிப்புறத்துக்கு மட்டும். உள்ளே வெந்நீர், சோப்பு, துணி.

இனித் தண்ணீர். வடவள்ளி வீட்டில் சிறுவாணித் தண்ணீர் வந்தது. கேரளத்து மலைக்காட்டில் பெய்த மழை நேராகக் குழாயில் வருவது போன்ற தண்ணீர் அது. அமுச்சியின் வெந்நீர்த் தவலையில் வெள்ளை படிந்து நான் பார்த்ததில்லை. திருமணமாகி மேடவாக்கம் வந்தபோது ஆழ்துளைக் கிணறு. இந்தியத் தர நிர்ணய அமைப்பு குடிநீரின் மொத்தக் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. எங்கள் கிணற்றின் பரிசோதனைச் சீட்டில் அந்த 600ஐயும் தாண்டிய எண் இருந்தது. இப்படிப்பட்ட தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடேறியதும் கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்து படியும். உப்புப் பூத்துவிட்டது என்று நாம் சொல்வது பெரும்பாலும் சுண்ணாம்புதான். ஃபில்டரில் அது பெரிய சேதம் செய்யாது. கொதிக்கவைக்கும் கெண்டியிலேயே பாதி படிந்துவிடும்.

மின்சாரக் காப்பி இயந்திரம் வைத்திருப்பவர்களுக்குத்தான் இது பெரிய தொல்லை. மகள் அவளுடைய முதல் சம்பளத்தில் எனக்கு ஒன்று வாங்கித் தந்தாள். விருந்தினர் பத்துப் பேர் வரும் நாளில் அதுதான் கைகொடுக்கிறது. தொட்டியிலிருந்து தண்ணீர் ஒருவழி வால்வு வழியாக, அடியில் வளைந்து போகும் சூடேறும் குழாய்க்குள் நுழைகிறது. அங்கே கொதிக்கும்போது எழும் குமிழிகள் வெந்நீரைச் சிறு சிறு கவளமாக மேலே தள்ளுகின்றன. பம்பு எதுவும் கிடையாது. குழாயின் உள்சுவரில் சுண்ணாம்பு படியப் படிய, சூடு தண்ணீருக்குப் போய்ச் சேர நேரமாகிறது, வழியும் குறுகுகிறது. எட்டு நிமிடத்தில் நிறைந்த குடுவைக்கு இருபது நிமிடம் ஆனது. சத்தமும் மாறியது. முன்பு மெதுவாகக் குமுறியது, இப்போது முக்கி முனகி ஆவியைத் துப்பியது. நீரும் முழுச் சூட்டோடு பொடியில் விழவில்லை. சாரம் இறங்காமல் புளித்த காப்பி வந்தது.

சிட்ரிக் அமிலம் வெள்ளைப் பொடியாக மளிகைக் கடையிலேயே கிடைக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி. கரைத்துத் தொட்டியில் ஊற்றி, பாதி இறங்கியதும் இயந்திரத்தை அணைத்து, அரை மணி காத்திருந்தேன். உள்ளே அமிலம் சுண்ணாம்பைத் தின்னும் மெல்லிய சிரசிரப்பு காதை வைத்தால் கேட்டது. மீதியை ஓட்டியபோது குடுவையில் வெள்ளைச் செதில்கள் விழுந்தன. பிறகு வெறும் தண்ணீர் மூன்று முறை. வினிகரும் இதே வேலையைச் செய்யும். ஆனால் அதன் வாடை போக இன்னும் பல தடவை ஓட்ட வேண்டியிருக்கும். எங்கள் தண்ணீருக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை செய்கிறேன். மென்னீர் வரும் ஊர்க்காரர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை போதும். அடுப்படியில் எத்தனையோ இருக்க, மறக்காமல் செய்ய ஒரு வழி வைத்திருக்கிறேன்: ஒரு குடுவை நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று புதிதாக இருந்தபோதே எழுதி, இயந்திரத்தின் அடியில் ஒட்டிவைத்தேன். அதைவிட மூன்று நிமிடம் கூடினால் சிட்ரிக் அமிலத்தை எடுப்பேன்.

இந்த இயந்திரத்தோடு வந்தது நிரந்தர வலை. நைலான், எண்ணெயை உலோகத்தைவிடக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. அதற்கும் வாரம் ஒருமுறை சோடா வெந்நீர்தான். காகிதம் போட்டால் இந்த வேலை இல்லை. 1908ஆம் ஆண்டு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற பெண்மணி ஒரு பித்தளைக் கிண்ணத்தில் துளையிட்டு, மகனுடைய நோட்டிலிருந்து மை உறிஞ்சும் தாளைக் கிழித்துப் போட்டு வடிகட்டினார். காகித வடிகட்டி அங்கிருந்துதான் தொடங்குகிறது. அவர் கையிலும் முதலில் இருந்தது துளையிட்ட பித்தளைப் பாத்திரம் என்பதைப் படித்தபோது எனக்கு நெருக்கமாக இருந்தது. சக்கையையும் எண்ணெயையும் தாளோடு சுருட்டி எறிந்துவிடுவது அவர் கண்ட வழி. எனக்கு அந்த எண்ணெய் வேண்டும். ஆகையால் கழுவும் வேலையையும் ஏற்றுக்கொள்கிறேன்.

கண்ணாடிக் குடுவையின் அடியில் பிடித்த கறைக்கு ஒரு கைப்பிடி அரிசியும் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீரும் விட்டுக் குலுக்கினால் போதும். இயந்திரத்தின் உடலைத் தண்ணீருக்குள் விடவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஈரத்துணியால் துடைப்பதோடு சரி.

இப்போது என் வழக்கம் இதுதான். காலையில் இரண்டாம் டிகாஷன் இறங்கியதும் சக்கையைச் செடித் தொட்டியில் தட்டிவிடுகிறேன். தொட்டிக் குழாயில் ஒருபோதும் கொட்டுவதில்லை. அது கழிவுக் குழாயின் வளைவில் சேறாகத் தங்கிவிடும். உடனே வெந்நீர். பிறகு தனி நாரில் ஒரு சொட்டுச் சோப்பு, நன்றாக அலசல். ஞாயிற்றுக்கிழமை சோடாவில் ஊறல். பொடி போடுவதற்கு முன் ஒவ்வொரு நாளும் மேல் பாத்திரத்தை ஒருமுறை முகர்கிறேன். வீட்டுக்காரர் முதலில் வினோதமாகப் பார்த்தார். இப்போது அவரும் தன் தண்ணீர்ப் புட்டியை முகர்ந்து பார்க்கிறார்.

மீதம் இருப்பது காயவைப்பது. ஈரத்தோடு நான்கு பகுதிகளையும் பொருத்தி மூடி வைத்தால், சென்னையின் புழுக்கத்தில் இரண்டு நாளில் பூசண வாடை ஏறிவிடும். ஊருக்குப் போகும் முன் அப்படி மூடி வைத்துவிட்டுப் போய், திரும்பி வந்து திறந்தவர்களுக்கு அது தெரியும். தனித்தனியாகக் கவிழ்த்து, கீழே காற்றுப் போக ஒரு கம்பித் தட்டு வைக்க வேண்டும். இந்த வாரம் முழுக்க மழை. ஜன்னல் பக்கம் எதுவும் காயவில்லை. சமையல் முடிந்து அணைத்த அடுப்பின் மேல், அந்தச் சூடு இருக்கும்போதே மேல் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். குடையை அதன் பக்கத்தில் சாய்த்திருக்கிறேன். அமுச்சியுடைய பித்தளை ஃபில்டர் இப்போது கோவையில் என் மாமாவிடம் இருக்கிறது. பொங்கலுக்குப் போகும்போது அதை வாங்கி முகர்ந்து பார்க்க வேண்டும்.